தலையணை உறைக்குள் ஒரு கை

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லை, கேக் இல்லை என்றதும் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்றுதான் அவள் பயந்திருந்தாள். மாமியாரோ, மகன் முழுசாக வீட்டில் இருக்கிறானே, அது போதும் என்று முடித்துவிட்டார்.

முழுசாகத்தான் இருந்தான். வலது கை மட்டும் பேருக்கு இருந்தது. லாரி மெக்கானிக்கான அவள் கணவனின் கையை ஃபேன் பெல்ட் கிழித்துப்போட, டாக்டர் தைத்துவிட்டார். விரல்கள் மடங்கின, நீண்டன, உணர்ச்சிதான் திரும்பவில்லை. என்ஜினுக்கடியில் கண்ணுக்கு எட்டாத நட்டைத் தடவியே கண்டுபிடிக்கிறவனுக்கு விரல் மரத்துப்போனால் தொழில் போன மாதிரிதான். அதை அவன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானை இடது கையால் போடுவதைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். கேட்கத் தைரியமில்லை.

காலை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டதும் அவள் தங்கை விளையாட்டை ஆரம்பித்தாள். முதலில் கேள்வி பதில். எதிர்வீட்டுக் கேட் என்ன நிறம்? மாமியார் பச்சை என்று அடித்துச் சொன்னார். எட்டிப் பார்த்தால் நீலம். ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டார்கள் என்று சாதித்தாரே ஒழிய, விட்டுக்கொடுக்கவில்லை. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது.

அடுத்தது தலையணை உறை. உள்ளே கிடப்பதைப் பார்க்காமல் தடவிச் சொல்ல வேண்டும். சீப்பு, பூட்டு, துணி கிளிப் என்று மெக்கானிக் இடது கையாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“மாமா, இது கள்ளாட்டம். நாங்கல்லாம் வலது கையைத்தானே விட்டோம்?”

தங்கைக்கு விஷயம் தெரியாது. அக்கா பேச்சை மாற்றுவதற்குள் தங்கை அடுப்படிக்குப் போய், எதையோ துணியில் பொத்தி எடுத்துவந்து உறைக்குள் நழுவவிட்டாள். அவன் வலது கையை விட்டுத் துழாவினான். துழாவிக்கொண்டே இருந்தான். அக்காவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“டீ டம்ளர்” என்றான்.

தங்கை உறையை உதறினாள். வேகவைத்த உருளைக்கிழங்கு உருண்டோடியது. கிழங்குக்கும் டம்ளருக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு மார்க் பூஜ்யம், தோற்றவர்தான் இன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னாள்.

“ஏங்க, டம்ளர்னு எதை வச்சுச் சொன்னீங்க?”

“சூடா இருந்துச்சே.” சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே பார்த்தான். “சூடு தெரியுது.”

மாமியாருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இத்தனை நாள் மறைத்ததற்குத் திட்ட ஆரம்பித்தவர், பாதியிலேயே நிறுத்தி, கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

யார் தடுத்தும் கேட்காமல் அவன் பாத்திரம் கழுவப் போனான். அவள் பக்கத்தில் நின்று துடைத்தாள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது, விரலெல்லாம் விறைக்கிறது என்று ஓயாமல் முனகினான். வேறொரு நாளாக இருந்தால் எரிச்சல் வந்திருக்கும்.

“அப்புறம்? இன்னும் சொல்லுங்க” என்றாள்.