கமலம் அக்கா மேடை ஏறிய நாள்

ஆரணியில் எங்கள் கலை மன்றம் ஒரு பழைய நூல் கிடங்கில் நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே திரை இழுப்பேன், மைக் கட்டுவேன். கமலம் அக்கா உடுப்பு தைப்பாள், கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டுவாள், ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கு டீ போடுவாள். ரெண்டு பேருக்கும் சம்பளம் கிடையாது. கேட்டதும் கிடையாது. பகல் முழுக்க ராட்டையில் பட்டு நூல் சுற்றிவிட்டு வருகிறவளுக்கு அந்த ரெண்டு மணி நேரம்தான் மூச்சு விடுகிற நேரம். புருஷன் செத்து ஒன்பது வருஷம். ஒரே மகன் கோபிநாத், வீட்டிலேயே தறி நெய்தான்.

மன்றச் செயலாளர் சுப்பராயலு. ஜவுளிக்கடைக்காரர். நாடகம் எழுதுவதும் அவர்தான். பெண் வேஷத்துக்கு வேலூரிலிருந்து ஒரு நடிகை வருவாள். நாடகத்தன்று மத்தியானம்தான் பஸ்ஸை விட்டு இறங்குவாள். அதுவரை ஒத்திகையில் அவள் இடத்தில் நின்று வசனம் சொல்கிறவள் கமலம் அக்கா. ஒத்திகைதானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

தொண்ணூற்றேழு தை மாதம், சுப்பராயலு தன் மகள் சத்யப்ரியாவை கோபிநாத்துக்குக் கொடுப்பதாகப் பேசினார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. கடையைப் பார்த்துக்கொள்ள அடக்கமான பையன் வேண்டும். வெற்றிலை பாக்கு மாற்றி வாய்ப்பேச்சு முடிந்துவிட்டது. அக்கா அந்த மாதம் பூராவும் டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள்.

மாசியில் மன்றத்தின் ஆண்டு விழா. அன்று மூன்று மணிக்கு பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்கு போன் வந்தது. நடிகைக்கு அம்மை போட்டிருக்கிறதாம். வாசலில் ஏற்கெனவே ஜனம் சேர ஆரம்பித்திருந்தது. சுப்பராயலு நேராக அக்காவிடம் வந்தார்.

"கமலம்மா, நீதான் காப்பாத்தணும்."

"அய்யோ, நான் தாலி அறுத்தவண்ணா. ராணின்னா பூவும் பொட்டும் வைக்கணும்."

"கலைக்கு ஏதும்மா தாலி? நான் இருக்கேன். ஊரு இன்னா சொல்லிடும்?"

"கோபிய ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"அவன் சேவூர் போயிருக்கான். நேரமில்ல, ஜல்தி."

நானும் என் பங்குக்குச் சொன்னேன். "போங்கக்கா, ஒரு நாள்தானே."

பொட்டு வைத்ததும் அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. "அந்தப் பக்கம் திருப்பி வை பாலு" என்றாள்.

அன்றைக்கு அவள் நடித்ததைப் போல அந்த மேடையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் நடிக்கவில்லை. செத்துக் கிடக்கும் ராஜாவின் தலைமாட்டில் ராணி பேசுகிற இடம் வந்தபோது கூட்டத்தில் குழந்தை கூட அழவில்லை. திரை இழுக்க வேண்டியதை நான் மறந்து நின்றேன். முடிந்ததும் சுப்பராயலு மேடை ஏறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். "இவங்க எங்க மன்றத்துச் சொத்து" என்றார்.

நாலாம் நாள் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"நீ போய் கமலத்துகிட்ட சொல்லிடு. இந்த இடம் வேணாம்னு வீட்ல சொல்றாங்க. மச்சானுங்க சண்டைக்கு நிக்கிறானுங்க. தாலி அறுத்தவ பூ வச்சிகினு ஆடுன வீட்டுக்கா பொண்ணு குடுப்பீங்கன்னு கேக்கறானுங்க. ஒரே பேஜார்."

ஏற்றிவிட்டது நீங்கள்தானே என்பது என் வாய் வரைக்கும் வந்தது. அவரே சொன்னார்: "மன்றம் வேற, குடும்பம் வேற பாலு."

நான் போனேன். கோபிநாத் தறிக்குழியில் இருந்தான். அக்கா ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்தாள். சொல்லி முடித்தேன். தறிச் சத்தம் நின்றது.

"உன்ன யாரு ஆடச் சொன்னது?" என்றான் மகன்.

"அண்ணன்தான் அவ்ளோ கெஞ்சினாரு..."

"அவரு கெஞ்சினா போயிடுவியா? பூ வைக்க ஆசையா இருந்துச்சின்னு சொல்லு."

அக்கா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீயும்தானே போன்னு சொன்ன?"

தலையை ஆட்டினேன்.

"அவரு ஏன் வரல?"

"கடையில கூட்டம்க்கா" என்றேன். அன்று கடையில் ஈ கூட இல்லை.

அடுத்த வாரம் ஒத்திகை நேரத்தில் அக்கா வந்தாள். உடுப்புப் பெட்டியின் சாவியை மேஜைமேல் வைத்தாள். இருபது பேர் இருந்தோம்.

"நான் நல்லா நடிச்சேனாண்ணா?" என்று கேட்டாள்.

சுப்பராயலு சிரித்தார். "அதுல இன்னாம்மா சந்தேகம்?"

"அப்ப வேற எதுல சந்தேகம்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "பாலு, அந்த மைக்கப் பாரு, கொரகொரங்குது."

நான் குனிந்து மைக்கைப் பார்த்தேன். அக்கா வெளியே போனாள். இருபது பேரில் ஒருத்தர்கூட வாசல் வரைக்கும் போகவில்லை.

கோபிநாத் அந்த வருஷமே பெங்களூருக்குப் போய் விசைத்தறியில் சேர்ந்தான். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். கல்யாணம் முடிந்த பிறகுதான் அம்மாவுக்குக் கடிதம் வந்தது. சத்யப்ரியாவை வந்தவாசியில் கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு சீரியல் லைட் கட்டியது நான்தான்.

இரண்டாயிரத்து நாலில் எங்கள் மன்றத்துக்கு வெள்ளி விழா. சுப்பராயலு ஒரு மணி நேரம் பேசினார். "ஒரு தடவ நடிகை வரல. எங்க மன்றத்துல டீ போட்டுகினு இருந்த ஒரு அம்மா, அப்படியே மேடை ஏறி ராணியா நின்னாங்க. கலைக்குச் சாதி ஏது, சடங்கு ஏது?" என்றார். பெயர் சொல்லவில்லை. ஜனம் கைதட்டியது. பக்கத்தில் நின்றிருந்தவன் என்னைப் பார்த்தான். நானும் கைதட்டினேன்.

விழா முடிந்த மறுநாள் பெரணமல்லூர் பஸ்ஸில் ஏறினேன். கமலம் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தலை பூரா நரைத்திருந்தது. மடியில் நூல் மூட்டை. என்னைப் பார்த்து, மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.