பின்னால் வருபவர்

சவப்பெட்டியில் இடித்துவிடக் கூடாதென்று, கழுத்தில் தொங்கிய கருவியை லுடிங் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்தாள். பெட்டியின் கண்ணாடி குளிர்ந்திருந்தது. உள்ளே, அவள் அண்ணனாக நினைத்து மனோங் என்று கூப்பிடும் டென்சியோ.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி அது. எதிரில் சுவரோ ஆளோ இருந்தால் அதிரும். நெருங்க நெருங்க அதிர்வு கூடும். பாலிடெக்னிக் மாணவர்கள் மலிவாகச் செய்து விற்றார்கள். மலிவுதான், ஆனாலும் பார்வையில்லாத இரண்டு மசாஜ்காரர்கள் சேர்ந்து ஒன்றுதான் வாங்க முடிந்தது. அதை மாட்டிக்கொண்டு லுடிங் முன்னால் நடப்பாள். அவள் தோளில் கை வைத்து டென்சியோ பின்னால் வருவார். மசாஜ் கடைக்கும் வீட்டுக்கும் அப்படித்தான் போய்வந்தார்கள்.

"இண்டாய், தங்கச்சி, குடுத்த பிஸ்கட்ட இங்கயே சாப்பிட்டுரு," என்றார் துக்க வீட்டு வழக்கப்படி சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவர் லுடிங்கிடம். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா டென்சியோவும் கூடவே வந்துருவான். ஓசின்னா விடமாட்டான்."

சிரிப்பு எழுந்தது. டென்சியோவின் மனைவி, லுடிங் மனாங் என்று அழைக்கும் சாலிங் அக்காவும் சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"சாவு வீட்டுக்காரி நான், வழியனுப்ப வாசல் வரைக்கும் வரக் கூடாது, லுடிங். நேரா வீட்டுக்குப் போயிடாத. வீட்டுல உன் பொண்ணு வேற இருக்கா."

"தெரியும் மனாங். ரொட்டிக்கடையில நின்னுட்டுத்தான் போவேன்."

சாவு வீட்டிலிருந்து செத்தவர் கூடவே வருவார். நடுவில் எங்காவது நின்றுவிட்டுப் போனால், அந்த இடத்தில் வழி தவறி நின்றுவிடுவார். வீட்டுக்கு வந்துவிட்டால் குழந்தைகளைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார். மகள் ஜோவிக்கு நேற்றுதான் காய்ச்சல் விட்டிருந்தது.

உச்சிவெயில். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. கோலைத் தட்டியபடி சந்து திரும்பியபோது முதுகில் கருவி அதிர்ந்தது.

"யாரு?"

நின்றாள். அதிர்வு நிற்கவில்லை. கூடவுமில்லை, குறையவுமில்லை. வேகமாக நடந்து பார்த்தாள். அதே அதிர்வு. பழுதாக இருக்குமென்று கருவியை மார்புக்கு இழுத்தாள். முன்னால் வெட்டவெளி, அதிர்வில்லை. மறுபடி பின்னால் தள்ளினாள். அதிர்ந்தது. ஒரு கை நீட்டும் தூரம்.

காலடிச் சத்தம் அவளுடையது மட்டும்தான்.

ரொட்டிக்கடையில் போய் நின்றாள்.

"என்னடி, வேர்த்து ஊத்துது?" என்றாள் கடைக்காரி.

"எனக்குப் பின்னாடி யாராவது நிக்கிறாங்களா?"

"ஒரு நாய்கூட இல்ல. ஏன், எவனாவது தொரத்துறானா? இந்த வயசுல உனக்கு அந்த யோகமா?"

பக்கத்தில் நெடுஞ்சாலை. ஜீப்னி வண்டிகள் ஹாரனடித்துக்கொண்டு பாய்ந்தன. ரொட்டியைக் கையில் வாங்கினாள். இனி வீட்டுக்குப் போகலாம். வழக்கப்படி எல்லாம் முடிந்தது. ஆனால் கால் எழவில்லை. டென்சியோ இந்த மூலைக்கு வந்ததே இல்லை. எந்தப் பக்கம் சாலை, எந்தப் பக்கம் சாக்கடை என்று அவருக்குத் தெரியாது. கண்ணில்லாதவரைத் தெரியாத இடத்தில் விட்டுவிட்டு நழுவுவதை அவள் யாருக்கும் செய்ததில்லை. அவளுக்குச் செய்திருக்கிறார்கள்.

கூட்டிக்கொண்டும் போக முடியாது. ஜோவி இருக்கிறாள்.

லுடிங் வீட்டுப் பாதையை விட்டுச் சந்தைப் பக்கம் திரும்பினாள். அதிர்வும் திரும்பியது.

"படி இருக்கு, மனோங்," என்றாள் வழியில். "இங்க தண்ணி தேங்கியிருக்கு. எடப்பக்கமா வாங்க."

துக்கத்துக்காக மூடியிருந்த மசாஜ் கடையின் ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே எண்ணெய் வாடை. அவருடைய நாற்காலிவரை நடந்து, விலகி நின்றாள்.

"உக்காருங்க. வலது பக்கம் கட்டில். துண்டு மேல்தட்டுல. எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்."

நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது.

அவள் வாசலை நோக்கி நடந்தாள். முதுகில் அதிர்வு மெல்ல மெல்லத் தேய்ந்தது. வாசலில் நின்றுவிட்டது. ஷட்டரை இறக்கியபோது, சத்தம் வராமல் இறக்கப் பார்த்தாள்.

வீட்டில் ஜோவி கதவருகிலேயே காத்திருந்தாள்.

"அம்மா, எங்கயாவது நின்னுட்டுத்தான வந்த?"

"நின்னேன்."

"ரொட்டிக்கடையிலயா?"

"இல்ல. நம்ம கடையில."

ஜோவி ரொட்டிப் பையை வாங்காமல் அப்படியே நின்றாள்.

"நாளைக்கு நீ அங்கதானம்மா வேலைக்குப் போகணும்?"

"ஆமா," என்றாள் லுடிங். "சீக்கிரமே போகணும். யாராவது தெரியாம அந்த நாற்காலியில உக்காந்துருவாங்க."