கப்பலின் இடது பக்கம்

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே கண்டக்டரம்மாவுக்கு வீடு கசந்துவிட்டது. கசக்காதா பின்னே? விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை "உள்ள போங்க, உள்ள போங்க" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்த வாய். இப்போது அதட்டுவதற்கு மிஞ்சியது ஒரு மகன், ஒரு மருமகள், ஒரு ஃப்ரிட்ஜ். மகனும் மருமகளும் காலையிலேயே வேலைக்கு ஓடிவிடுவார்கள். ஃப்ரிட்ஜின் கதவு சரியாக மூடாது என்பது உண்மைதான், ஆனால் அதற்காக நாள் முழுக்க அதையே திட்டிக்கொண்டிருக்க முடியுமா?

அப்படி ஒரு மத்தியானம் அலமாரியைக் குடைந்தபோது அந்தப் பெட்டி கையில் சிக்கியது. மரத்தில் செய்கிற மாதிரிக் கப்பல். மகன் ஆசைப்பட்டு வாங்கி, நாலு துண்டை ஒட்டிவிட்டு, வழக்கம்போல் மூட்டை கட்டி மேலே போட்டது. ஆரம்பிப்பதில் அவன் சூரன், முடிப்பது மட்டும் அவனுக்கு ஆகாத காரியம். பெட்டிக்குள் முதுகெலும்பு போல நீளமாக ஒரு கட்டை, அதன் குறுக்கே விலா எலும்பு போலச் சட்டங்கள். தின்று முடித்த மீன் மாதிரி இருந்தது. கூடவே ஒரு கட்டு மெல்லிய பலகைகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. இவற்றை வளைத்துச் சட்டங்களின் மேல் வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் கப்பலுக்கு உடம்பு வந்துவிடும் என்று உள்ளே இருந்த தாளில் படம் போட்டிருந்தது.

"இவ்வளவுதானா" என்றார் கண்டக்டரம்மா. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதல் பலகை வளைத்த வேகத்தில் பட்டென்று முறிந்தது. இரண்டாவது வளைப்பதற்கு முன்பே முறிந்தது. சாயங்காலத்துக்குள் மேஜையெல்லாம் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துப் போட்ட கணக்காகக் கிடந்தது. அவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார்.

சம்பந்தியம்மா என்றால் மருமகளின் அம்மா. இரண்டு தெரு தள்ளி பியூட்டி பார்லர் வைத்திருப்பவர். சன்னமான உடம்பு, அதைவிடச் சன்னமான குரல். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் நடந்த பேச்சை ஒரு பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதிவிடலாம். நல்லா இருக்கீங்களா, இருக்கோம். சாப்பிடுங்க, இப்பத்தான் சாப்பிட்டேன். அவ்வளவுதான், அப்புறம் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு ஏதோ பையைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், மேஜையைப் பார்த்து நின்றார்.

"தண்ணியில ஊறப் போட்டீங்களா சம்பந்தி?"

"எதை?"

"பலகையத்தான். ஊற வச்சு, அப்புறம் சூடு காட்டினா சொன்ன பேச்சு கேக்கும். முரட்டு முடியைக்கூட நாங்க அப்படித்தானே சுருட்டுறோம்."

மறுநாள் பார்லருக்கு விடுமுறை. சம்பந்தியம்மா முடி சுருட்டுகிற மெஷினைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். ஊறின பலகையை அதன் சூடான குழாயில் வைத்து மெல்ல அழுத்தினார். பலகை முனகாமல் வளைந்தது. கண்டக்டரம்மாவுக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம்.

அன்றிலிருந்து பார்லர் விடுமுறை நாளெல்லாம் கப்பல் நாள். மேஜையில் தண்ணீர்த் தட்டு, பசை, உப்புத்தாள், பலகையைக் காயும்வரை பிடித்து வைக்க ஒரு டப்பா நிறைய முடி கிளிப்புகள். முதலில் மேல்தளம். அதை ஒரு மெல்லிய அட்டைப்பலகையின் மேல் தனியாகச் செய்து வைத்துக்கொண்டார்கள், கடைசியில் கப்பலின் மேல் பொருத்திக்கொள்ளலாம் என்று. கண்டக்டரம்மா ஸ்கேல் வைத்து ஒரே அளவாக நறுக்கித் தள்ள, சம்பந்தியம்மா ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் புருவ பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் தருவார். ஒட்டி முடித்துப் பார்த்தால் பலகைக்குப் பலகை நடுவே தார் பூசின மாதிரியே கறுப்புக் கோடு. அசல் கப்பல்காரர்கள் பார்த்தால்கூடக் குறை சொல்ல யோசிப்பார்கள்.

பிறகு உடம்பு. அதற்குத் தாளிலேயே கொட்டை எழுத்தில் ஒரு சட்டம் போட்டிருந்தது. இடது பக்கம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்தது வலது பக்கம். ஒரு பக்கமாகவே ஒட்டிக்கொண்டு போனால் பசை காயக் காய அந்தப் பக்கம் இழுத்துக் கப்பல் கோணிவிடும். கண்டக்டரம்மாதான் அதைப் பஸ்ஸில் அறிவிக்கிற குரலில் வாசித்தார். சம்பந்தியம்மா இடது பக்கம் உட்கார்ந்தார், இவர் வலது பக்கம். மேல் விளிம்பில் ஆரம்பித்துக் கீழ்நோக்கி, அங்கே ஒன்று, இங்கே ஒன்று.

"பொண்ணு வீட்டுப் பக்கம் ரொம்ப நேர்த்தியா இருக்கு, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்தான் கொஞ்சம் முரடு" என்று மருமகள் போகிற போக்கில் வம்பு இழுத்துவிட்டுப் போவாள்.

"உன் வீட்டுக்காரனைப் பெத்த பக்கம், முரடாத்தான் இருக்கும். போய் வேலையைப் பாரு" என்பார் மாமியார்.

பலகை காய்கிற நேரத்தில் பேச்சு. பார்லருக்கு வருகிற பெண்கள் கண்ணாடியைப் பார்த்தபடியே கொட்டித் தீர்க்கும் கதைகள், பஸ்ஸில் தூங்கிப்போய் டிப்போ வரை வந்துவிட்டவர்களின் கதைகள். சிரித்துச் சிரித்து ஒருநாள் பசை டப்பாவையே தட்டிவிட்டார்கள். கண்டக்டரம்மாவுக்கு ஒன்று புரிந்தது. அத்தனை வருஷம் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே நின்றவருக்குத் தோழி என்று சொல்லிக்கொள்ள ஒருத்தியும் வாய்த்ததில்லை. எல்லாரும் அவரவர் ஸ்டாப்பில் இறங்கிப் போய்விடுகிறவர்கள். இப்போது ஒருத்தி, அதுவும் வாரம் தவறாமல் தானே தேடி வருகிறவள். அந்தச் சந்தோஷத்தை வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். நல்லதைச் சொல்லத்தான் கூச்சமெல்லாம். வேண்டாததைச் சொல்ல அந்த வாய் என்றைக்குக் கூசியது?

அது நடந்த அன்று பழைய பஸ் டிரைவர் பார்க்க வந்திருந்தார். கண்டக்டரம்மாவோடு அதே பஸ்ஸில் ஓடினவர். சம்பந்தியம்மா உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் கப்பலைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ரோட்டைப் பார்க்கிற அதே கவனத்தோடு பார்த்தார்.

"அடேயப்பா, இந்த இடது பக்கம் இழைச்ச மாதிரி இருக்கே. இது யார் கை?"

வலது பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். சொல்லவில்லை. கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"யார் கை? எல்லாம் என் கைதான். ரெண்டு பக்கமும் நான் ஒட்டினது. சம்பந்தி பாவம், மெஷினைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தாசையா நிப்பாங்க."

சொல்லி வாயை மூடுவதற்குள் டீயோடு சம்பந்தியம்மா வாசற்படியில் நின்றார்.

ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் தேவலை. அவரோ டிரைவருக்குச் சிரித்த முகத்தோடு டீ கொடுத்தார். மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார். இடது பக்கத்தில் கடைசியாக ஒட்டின பலகையை நாலு கிளிப்புகள் பிடித்துக்கொண்டிருந்தன. பசை இன்னும் காயவில்லை என்பதால் அவற்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, "வரேன் சம்பந்தி" என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த விடுமுறைக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

"உங்கம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மருமகளைத் துழாவிப் பார்த்தார் கண்டக்டரம்மா.

"நல்லாத்தான் இருக்காங்க அத்தை. என்ன நடந்துச்சுன்னு அங்கயும் சொல்லல, இங்கயும் சொல்லல. நடுவுல நின்னு தூது போக என்னால ஆகாது. நீங்களே போய்ப் பாருங்க."

போய்ப் பார்ப்பதாவது. தவறு தன்மேல் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வராட்டி போகட்டும், எனக்கென்ன, கை இல்லையா" என்று வீம்பாக உட்கார்ந்து வலது பக்கத்தை ஒட்ட ஆரம்பித்தார். சுருட்டுகிற மெஷினுக்குப் பதில் இஸ்திரிப் பெட்டி. வீடு முழுக்கக் கருகல் வாடை. ஒன்றன்கீழ் ஒன்றாக, அடிவரைக்கும் ஒட்டித் தீர்த்தார். நடுவில் இரண்டொரு தடவை கை தானாக இடது பக்கம் போயிற்று. போன கை அதே வேகத்தில் திரும்பி வந்துவிட்டது.

முடித்த திருப்தியில் மேல்தளத்தை எடுத்து மேலே வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. முன்னால் பொருத்தினால் பின்னால் துருத்தியது, பின்னால் அமுக்கினால் முன்னால் துருத்தியது. கப்பலை மேஜையில் நேராக வைத்துக் குனிந்து பார்த்தார். கப்பலின் மூக்கு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. வாழைப்பழம்கூட இவ்வளவு வளையாது. அவரே வாசித்த சட்டம், அவரே மீறியது. மேல்தளம் மட்டும் நூல் பிடித்த மாதிரி நேராக, கறுப்புக் கோடுகளோடு கையில் இருந்தது.

அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்துவிட்டது. கப்பல் போனால் போகட்டும். இந்த மேஜைக்கு எதிரே இனிமேல் அந்த ஆள் உட்காரமாட்டாளோ என்றுதான். முகத்தைக் கழுவினார். கப்பலையும் மேல்தளத்தையும் ஒரு போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பார்லரில் நல்ல கூட்டம். நாற்காலியில் ஒரு பெண்ணுக்கு முடிவெட்டு நடந்துகொண்டிருந்தது. தலை முழுக்கச் சாயம் அப்பிக்கொண்டு ஓர் அம்மாள் பெஞ்சில் காத்திருந்தார். சம்பந்தியம்மா கண்ணாடி வழியாகவே பார்த்தார்.

"வாங்க. உட்காருங்க, முன்னாடி ஆள் இருக்காங்க."

அந்த மரியாதைதான் கண்டக்டரம்மாவை வதைத்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். சாயத்து அம்மாளுக்குச் சும்மா இருக்க முடியுமா? போர்வையின் ஓரத்தை விலக்கிப் பார்த்துவிட்டார்.

"அட, கப்பல். ஏன் இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு? ஆனா இந்தப் பக்கம் பாருங்க, மேல ஒட்டியிருக்கிற நாலஞ்சு பலகையும் எவ்வளவு அழகு. யார் செஞ்சது?"

மறுபடியும் அதே கேள்வி. சம்பந்தியம்மாவின் கத்தரிக்கோல் ஓசை நிற்கவில்லை, ஆனால் கொஞ்சம் மெதுவானது. கண்டக்டரம்மா எழுந்து நின்றார். வரும்போது வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றுகூட நினைவில் இல்லை. குரல் மட்டும் இருந்தது, பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல்.

"அழகா இருக்கிற பக்கம் இந்தப் பார்லரம்மா செஞ்சது. கோணினது நான். பலகையை வளைக்கவே எனக்கு இவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. அன்னைக்கு ஒருத்தர் இதே மாதிரி கேட்டப்ப எல்லாம் நான்தான்னு பொய் சொல்லிட்டேன். பொறாமை. வேற ஒண்ணும் இல்ல."

நாற்காலியில் இருந்த பெண் மூச்சுகூட விடவில்லை, அவள் காதுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் அப்படியே நின்றிருந்தது.

சம்பந்தியம்மா அதைக் கீழே வைத்தார். வந்து கப்பலைத் திருப்பிப் பார்த்தார். வலது பக்கம் அடிவரைக்கும் கருகின பலகைகள். இடது பக்கம் அவர் விட்டுவிட்டுப் போன இடத்தோடு நின்றிருந்தது. நாலு கிளிப்புகளும் மாட்டினபடியே இருந்தன. அதற்குக் கீழே வெறும் விலா எலும்பு.

"என் பக்கம் நீங்க கையே வைக்கலையா?"

"வைக்கல."

"ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஒட்டியிருந்தா கோணியிருக்காதே சம்பந்தி. உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"அது உங்க இடம்" என்றார் கண்டக்டரம்மா. "வாயால ஒரு தடவை பிடுங்கிட்டேன். கையாலயும் பிடுங்க மனசு வரல. கோணினா கோணட்டும்னு விட்டுட்டேன்."

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், உடனே சிரித்தும்விட்டார். முகத்துக்கு ஒத்தடம் கொடுக்கிற வெந்நீர்த் துணி ஒன்றை எடுத்துப் பிழிந்து, கப்பலின் வலது பக்கத்தில் இறுக்கிச் சுற்றினார்.

"பசை இளகட்டும். மேல நாம சேர்ந்து ஒட்டினது இருக்கட்டும், கீழ நீங்க தனியா ஒட்டினதை மட்டும் பிரிச்சிடலாம். கட்டை நிமிர்ந்துக்கும்." பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்களுக்குச் சாயம் இன்னும் ஊறணும். கொஞ்சம் இருங்க."

"எனக்கு ஊறிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றார் அந்த அம்மாள்.

"ஊறல" என்றார் சம்பந்தியம்மா.

பாதி வெட்டின தலையோடு அந்தப் பெண்ணும் எழுந்து வந்து துணியைப் பிடித்துக்கொண்டாள். கருகின பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. கடைசிப் பலகை வந்ததும் சம்பந்தியம்மா மெஷினை மின்சாரத்தில் செருகி, ஒரு புதுப் பலகையைத் தண்ணீரில் போட்டார். பெட்டியிலிருந்து அவர் அன்றைக்குத் தவறுதலாக மெஷினோடு சேர்த்து எடுத்துப் போயிருந்த பலகையாம் அது. தவறுதலாகத்தான் என்று இரண்டு தடவை சொன்னார்.

"முதல்ல இடது பக்கம். நான் ஒண்ணு ஒட்டி முடிச்ச பிறகுதான் நீங்க ஒட்டணும்."

கண்டக்டரம்மாவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்லிக் கிளிப்பை நீட்டினார்.