பளபளத்த குழாய்

என் கணவர் மெல்கியோருக்கு இரண்டு பக்திகள் உண்டு. ஒன்று தேவாலயம், இன்னொன்று துப்பாக்கிக் குழாய். தேவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போவார்.

எங்கள் ஊரி மலையில் ராணுவத் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது; ராணுவப் பயிற்சி எடுத்த ஆண்கள் அதை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். எல்லா ஆண்களும் அதைத் துடைப்பார்கள். இவர் போன பனிக்காலம் முழுக்க, மணல் கலந்த ஏதோ ஒரு பசையை இரும்புக் கம்பியில் தடவித் தேய்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டுத் தட்டைக் கழுவச் சொன்னால் மட்டும் முதுகுவலி வந்துவிடும்.

ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தின் அணித்தலைவரும் இவர்தான். ஆறு வருடங்களாக அணியில் ஓர் இடம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் அண்ணன் கொடுத்த துப்பாக்கியால், பயிற்சியில் இவரைவிட நன்றாகவே சுடுவேன்.

"உன் குழாய்க்குள்ள ஒரே அழுக்கு வ்ரேனி. ஊர் மானம் போயிடும்" என்பார்.

எங்கள் நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தே ஏழு வருடம்தான் ஆகிறது. அதற்குள் ஊர் மானத்தையும் எங்கள் கையில் கொடுத்துவிட முடியுமா என்ன?

பனி உருகியதும் கீழூர்க்காரர்களோடு முதல் போட்டி. முந்நூறு மீட்டர் தூரம். கடைசி ஆளாக மெல்கியோர் சுடுவதற்குப் பாயில் குப்புறப் படுத்தார். முதலில் கணக்கில் சேராத இரண்டு சோதனைக் குண்டுகள் சுட வேண்டும். சுட்டார். இலக்குக்கு அடியில் குழிக்குள் இருந்து குண்டு பட்ட இடத்தைப் பார்த்துச் சொல்பவர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் சேவர் எடுத்துக் கேட்டான்.

"ஒண்ணைக் காணோம். இன்னொண்ணு குறுக்கா படுத்துக்கிட்டே வந்து காகிதத்தைக் கிழிச்சிருக்காம்."

"குண்டு சரியில்ல" என்றார் இவர்.

"எல்லாருக்கும் ஒரே பெட்டிக் குண்டுதான்."

"அப்ப காத்து."

கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சேவர் துப்பாக்கியை வாங்கிக் குழாய்க்குள் பார்த்தான்.

"கண்ணாடி மாதிரி இருக்கே மெல்க்."

"பின்ன? தேய்ச்சது யாரு" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"உள்ள முறுக்கி முறுக்கி வரி போட்டிருந்துச்சே, அது எங்க? அதுதானப்பா குண்டைச் சுழட்டிவிடும். பம்பரம் சுத்துறவரைக்கும்தானே நிக்கும்? சுத்தலேன்னா குண்டும் குப்புறத்தான் விழும். நீ அழுக்கை எடுக்கல, வரியையே எடுத்துட்ட."

இவர் முகம் செத்துவிட்டது. நான் சிரித்தேன், மறைக்கவில்லை.

"வ்ரேனி, உன் துப்பாக்கியைக் கொஞ்சம் குடு" என்றார், என் தோளில் தொங்கியதைப் பார்த்து.

"அது அழுக்குங்க. ஊர் மானம் என்ன ஆகுறது?"

"விளையாடாத. கீழூர்க்காரனுங்க பாக்கறானுங்க."

"பாக்கட்டும். துப்பாக்கி வேணும்னா அதோட நானும் வருவேன்."

கூட்டமே அவரைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் தலையை அசைத்தார். நான் பாயில் படுத்தேன். இன்று தவறவிட்டால் சாகும்வரை எனக்கு இடம் கிடையாது என்று தெரியும். மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தினேன். பத்துக் குண்டும் கறுப்பு வட்டத்துக்குள் போயின. எங்கள் ஊர் ஜெயித்தது.

கீழூர்த் தலைவர் நேராக என் கணவரிடம் வந்து கையைக் குலுக்கினார்.

"பொண்டாட்டிக்குப் பிரமாதமா கத்துக்குடுத்திருக்கீங்க மெல்கியோர்."

புகழ்ச்சி என்றால் இவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் ஒண்ணும் கத்துக்குடுக்கல" என்றார் மெல்கியோர், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆறு வருஷமா வெளியில உக்காரவெச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஆளை இனி எதைச் சொல்லித் திட்டுவது?