மார்க்கரைக் கீழே வைத்தவள்

பதினோரு வருடம் சொந்தக் கம்பெனி நடத்தி, அதை விற்றுவிட்டு, பிறர் கம்பெனிகளில் பணம் போடும் நிறுவனத்தில் கூட்டாளியாகச் சேர்ந்து வெனிங்குக்கு இது மூன்றாவது மாதம். ஜகார்த்தாவில், குனிங்கான் பக்கம், இருபத்திரண்டாம் மாடி. புதுக் கூட்டாளி தன் முதல் முடிவைத் தனியாகவே எடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். மற்றவர்கள் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். வெனிங்கின் முறை இன்றைக்கு.

எதிரே இருந்தவள் தியூர் சினாகா. தோபா ஏரிக்கரைக்காரி, பாத்தாக் இனப் பெண். நலம் விசாரித்தால்கூடச் சண்டைக்கு வந்ததுபோல் இருக்கும். ஏரியில் மிதக்கும் கூண்டுகளில் மீன் வளர்ப்பவர்களுக்காக அவள் ஒரு மிதவை செய்திருந்தாள். அடித்தண்ணீர் புரண்டு மேலே வந்தால் ஆக்ஸிஜன் குறைந்து கூண்டோடு மீன்கள் செத்துப்போகும். மிதவை அதைச் சில மணி நேரம் முன்பே சொல்லிவிடும். இன்று பணம் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்பதையும் அவள் ஒளிக்கவில்லை.

"எப்பவாவது அலாரம் தப்பா அடிச்சிருக்கா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த மூத்த கூட்டாளி பாக் குனாடி. 'பாக்' என்றால் அங்கே 'ஐயா'.

"மூணு தடவை, பாக். கூண்டுக்கார மாமாமாருங்க திட்டின திட்டுல எங்க தாத்தாவுக்கு விக்கல் எடுத்திருக்கும். அவர் போய்ச் சேர்ந்தே பத்து வருஷம்."

வெனிங் சிரித்துக்கொண்டிருந்தபோதே தியூரின் மடிக்கணினி கூவியது. திரையில் ஒன்பது மிதவைகளின் ஆக்ஸிஜன் கோடுகள் ஒன்றாகச் சரிந்தன.

தியூர் கைப்பேசியை எடுத்தாள். "மாமா! தீனி போடுறத நிறுத்துங்க! ஆமா, இப்பவேதான்! கூண்ட அவிழ்த்து ஆழமான பக்கமா இழுங்க. என்னது, சாப்பிட்டுட்டா? மீன் செத்தப்புறம் ஏப்பம் விடுவீங்களா?"

வெனிங்குக்குத் தான் எழுந்ததே தெரியவில்லை. கையில் மார்க்கர், முன்னால் வெள்ளைப் பலகை. "மேற்குக் கரைய முதல்ல எடுப்போம். எத்தனை படகு இருக்கு? நீ அந்தப் பக்கம் கூப்பிடு, நான் இந்தப் பக்கம்…"

"அக்கா." தியூர் போனைப் பொத்திக்கொண்டாள். "உட்காருங்க. உங்க கம்பெனிய நீங்க வித்துட்டீங்க. இது என்னோடது."

வெனிங்கின் காது மடல் சுட்டது. மார்க்கரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு காதில் ஒரு மாமாவை அதட்டினாள், இன்னொரு காதில் ஓர் அத்தையைச் சமாதானப்படுத்தினாள். பெருவிரல் பதினேழு கூண்டுக்காரர்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து யாரோ அனுப்பிய காணொளியில் படகுகள் ஒவ்வொன்றாக உறுமிப் புறப்பட்டன. அவற்றின் பின்னால் கட்டிய கூண்டுகள் அசைந்தன, தயங்கின, நகர்ந்தன. ஒரு முழு ஊரின் பிழைப்பும் நீல நீர்மேல் மெல்ல ஊர்ந்து போயிற்று. இதுபோன்ற புயலுக்குள்ளேயே பதினோரு வருடம் குடியிருந்தவள்தான் வெனிங். வெளியிலிருந்து பார்த்தால் அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கையிரண்டையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

பாக் குனாடி அவள் பக்கம் சாய்ந்தார். "கெட்டிக்காரப் பொண்ணுதான். ஆனா சந்தை ஒரே ஒரு ஏரிதான். இப்போதைக்கு 'பெலும்'னு சொல்லி அனுப்பிடு."

பெலும். 'இன்னும் இல்லை.' யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்லாத ஊரில் முடியாது என்பதற்கு அதுதான் சொல். ஒருமுறை அந்தச் சொல்லை நம்பி வெனிங் ஏழு மாதம் காத்திருந்தாள்.

"இவகிட்ட அதச் சொன்னா அப்படியே நம்பி அடுத்த வாரம் வந்து நிப்பா, பாக். முடியும், இல்ல முடியாது. ரெண்டுல ஒண்ணுதான் சொல்லணும்."

"சரி, எதச் சொல்லப்போற?"

"போடுறோம். என்னையே உட்கார வெச்சவ, ஏரிய விட்டுடுவாளா?"

குனாடி புருவத்தை உயர்த்தினார். பிறகு, உன் முடிவு என்பதுபோல் கையை விரித்தார்.

வெனிங் தொண்டையைச் செருமினாள். "தியூர், நாங்க…"

தியூர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலைத் தூக்கினாள். "இருங்க அக்கா, இன்னும் நாலு கூண்டு."

வெனிங் இருந்தாள்.