ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்கள்

"கிளையன்ட் என் தலைக்கு உங்களுக்கு எவ்வளவு குடுக்கறான், அங்கிள்? எனக்கு எவ்வளவு வருது, கதிருக்கு எவ்வளவு போகுது?"

எழிலரசி ஈரக்கையோடு சமையலறை வாசலில் நின்றாள். அமெரிக்காவில், எடிசன் ஊர் கெஸ்ட் ஹவுஸின் கூடம் அது. பல் குத்திக்கொண்டிருந்த வெங்கடாசலத்தின் கை அப்படியே நின்றது. கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சியின் முதலாளி அவர். அங்கே தங்கியிருந்தவர்களுக்கு விசாவும் அவரே, வீடும் அவரே, அங்கிளும் அவரே.

அவள் வந்திறங்கிய அன்றே அவர் மனைவி தனபாக்கியம் காதில் போட்டுவைத்தாள்: "ரேட்டு மட்டும் கேட்டுராத கண்ணு. பொம்பளப்புள்ள காசு பேசுனா நல்லாருக்காது."

குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்த எழிலரசி வாயை மூடிக்கொண்டாள். ஞாயிறுதோறும் சாப்பாடானதும் பெண்கள் பாத்திரம் கழுவப் போவார்கள். ஆண்கள் கூடத்தில் சாய்ந்துகொண்டு யாருக்கு எந்த ப்ராஜெக்ட், என்ன சம்பளம் என்று பேசி முடிப்பார்கள். குழாய்ச் சத்தத்தில் உள்ளே எதுவும் கேட்காது.

போன மாதம் ஒரு ஞாயிறு அவள் குழாயை மூடிய நேரம், கதிரின் சம்பளம் காதில் விழுந்தது. அவளை வேலைக்கு அனுப்பியிருந்த பார்சிப்பனி ஊர் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரன். வேலை சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அவன் சம்பளம் அவளுடையதைப்போல் ஒன்றரை மடங்கு. கோபம்கூட வரவில்லை. மிச்சப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

வெங்கடாசலம் சிரித்தார். "இதுல என்னம்மா ரகசியம்? கதிர் கேட்டான், குடுத்தேன். நீதான் கேக்கவே இல்லியே. கேட்டாத்தான தெரியும்?"

எழிலரசி தனபாக்கியம் ஆன்ட்டியைப் பார்த்தாள். ஆன்ட்டி சிங்க்கைப் பார்த்தாள்.

"இப்ப கேக்கறேன். அதே சம்பளம் குடுங்க."

"அவன் குடும்பஸ்தன். நீ நாளைக்கே கல்யாணமாயி ரிசைன் பண்ணிட்டுப் போயிருவ."

"விடு எழில்," என்றான் கதிர், காலை ஆட்டிக்கொண்டே. "ஃபேமிலி மாதிரி இருக்கோம், சீன் பண்ணாத."

"விசா என் கம்பெனி பேர்ல இருக்கு," வெங்கடாசலத்தின் குரல் இறுகியது. "ஞாபகம் வச்சுக்க."

"இருந்துச்சு. வேற கம்பெனிக்கு விசா டிரான்ஸ்ஃபர் அப்ளை பண்ணி ரசீதும் வந்தாச்சு, வேலைல சேர அது போதும். நாளைக்கு அங்க ஜாயின் பண்றேன்."

"அப்புறம் எதுக்குடி இவரக் கேட்ட?" என்றாள் தனபாக்கியம்.

"கேட்டாத்தான தெரியும் ஆன்ட்டி."

பெட்டியைக் காலையிலேயே வாசலுக்கு வெளியே வைத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஷூவை மாட்டினாள்.

"பாத்திரம் அப்படியே கெடக்கே கண்ணு. யாரு கழுவறது?"

"கதிரக் கேளுங்க. ஒன்றரை மடங்கு வாங்கறான்."

கதிர் எழுந்திருக்கவில்லை. அவள் படியிறங்கும்போது பின்னால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

ஆன்ட்டிதான்.