ரெண்டு தங்கச்சி, அக்கா யாரும் இல்லை

இல்லை, படிவத்தில் தப்பே கிடையாது, எனக்குத்தான் நிரப்பத் தெரியவில்லை என்று நீங்களும் ஆரம்பித்துவிடாதீர்கள். ஏற்கெனவே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அந்த ஒன்பதாம் கட்டத்தைப் பற்றி முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

சமூகவியல் மூன்றாம் ஆண்டில் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். என் தலைப்பு, நகரத்தில் தனியாக வாழும் தொழிலாளர்களும் வீட்டு வசதியும். நூலகத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும். எனக்கு எங்கே உட்கார வருகிறது? சாலையை அகலப்படுத்த ஒரு நான்கு மாடிக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், அங்கே குடியிருப்பவர்களைக் கணக்கெடுக்க மாணவர்கள் வேண்டும் என்று பேராசிரியர் வகுப்பில் சொன்னார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

விதி இதுதான். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடும் சொந்தக்காரர்கள் இரண்டு பேராவது இருந்தால் அது ஒரு குடும்பம். குடும்பத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே மாற்று அறை கிடைக்கும். தனி ஆள் என்றால் ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் விடுதியில் ஒரு படுக்கை. இதைத் தீர்மானிப்பது படிவத்தின் ஒன்பதாம் கட்டம்: குடும்பத் தலைவருக்கு இவர் என்ன உறவு?

மூன்றாம் மாடி, பதினேழாம் நம்பர் அறை. வெளியே ஒரே ஒரு ஜோடி செருப்பு. ராத்திரி மணி ஏழரை இருக்கும். கதவைத் திறந்தவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள். தொழிற்சாலையில் கோட்டுக்குப் பொத்தான் தைக்கிறவர். விலை கூடிய கோட்டுக்கு இன்னும் கையால்தான் தைக்கிறார்களாம். நான் அவரைப் பொத்தான் அக்கா என்றே சொல்கிறேன்.

"எத்தன பேரு இருக்கீங்க அக்கா?"

"ரெண்டு பேரு."

"இன்னொருத்தங்க எங்க?"

"வேலைக்கு. ஆஸ்பத்திரியில ராத்திரி வார்டு ஆயா. நான் வரும்போது அவங்க இருக்க மாட்டாங்க, அவங்க வரும்போது நான் இருக்க மாட்டேன்."

"அப்ப எப்பதான் பாத்துப்பீங்க?"

"பாத்ததில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"பாத்ததே இல்லையா? எத்தன மாசமா?"

"பதினோரு மாசம் ஆகப்போகுது. நீ ஏன் பாப்பா நின்னுக்கிட்டே இருக்க? கட்டில்ல உக்காரு. இப்ப என் நேரம்தான்."

இப்ப என் நேரம்தான். அதைக் கேட்டதும் உட்காரப் போனவள் பாதியிலேயே நின்றேன். ஒரு கட்டில், ஒரு தலையணை, ஒரு அடுப்பு, சுவரில் இரண்டு ஆணி. ஒரு ஆணியில் இவருடைய பை. இன்னொன்றில் ஒரு வெளிர்நீலச் சீருடை, துவைத்துக் காய்ந்தது. வீட்டுத் தரகர்தான் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசி, பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் என்று முடித்திருக்கிறார். ஆளுக்கொரு சாவி. இவர் காலை ஆறரைக்குக் கிளம்பினால், ஆயா எட்டு மணிக்கு வருவார். ஆயா சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால், இவர் ஏழு மணிக்கு வருவார்.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுதானே? அன்னிக்குப் பாக்கலாமே?"

"அவங்களுக்கு லீவு இல்லையே. ராத்திரி முழுக்க நின்னுட்டு வந்து தூங்கணும்ல? நான் முன்னாடியே கெளம்பிப் போயி பஸ் ஸ்டாண்டுல உக்காந்துப்பேன். சாயங்காலம் வரைக்கும்."

"அங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, போற வர்றவங்கள பாப்பேன். பக்கத்துல உக்கார்றவங்க எந்த ஊருக்குனு கேப்பாங்க. பஸ் இன்னும் வரலனு சொல்லுவேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கண்டக்டருங்களுக்கே இப்ப என்னைத் தெரியும். இன்னுமா உங்க பஸ் வரலனு கிண்டல் பண்ணுவானுங்க," என்றார்.

ஆனால் அடுப்பு? அதில்தான் எனக்கு உற்சாகம் பிறந்தது. ராத்திரி இவர் சோறு வடித்து, பாதியை மூடி வைப்பார். ஆயா காலையில் வந்து சாப்பிட்டுத் தூங்கி, கிளம்புவதற்கு முன் காய் செய்து வைப்பார். பானை மூடிக்கு அடியில் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிய சீட்டு இருக்கும். ஒரு கட்டு எடுத்துக் காட்டினார். அக்கா, கேஸ் தீரப்போகுது. அக்கா, மழ வந்துச்சு, உங்க துணிய எடுத்து வச்சிட்டேன். அக்கா, எலி வருது, மூடிமேல கல்லு வைங்க.

"நீங்க என்னனு கூப்பிட்டு எழுதுவீங்க?"

"அக்கானுதான். அவங்க மூத்தவங்க. அலமாரியில பாரு, கால் வலித் தைலம் மாசத்துக்கு ஒரு பாட்டில் காலியாகுது. வயசானவங்க, பாவம்."

ஒரே பானை, ஒரே அடுப்பு, அக்கா தங்கச்சி! எனக்கு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. தலைவி ஆயா. ஒன்பதாம் கட்டத்தில் இவருக்கு நேராகத் தங்கை. எழுதியேவிட்டேன்.

"விடுதி வேணாம்தானே அக்கா?"

"அங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறணும். மூணு நாள் லேட்டானா கம்பெனியில நிறுத்திடுவான்." பிறகு, சொல்லலாமா என்று யோசித்துச் சொன்னதுபோலச் சொன்னார்: "ஒரு ஹாலுக்கு நாப்பது பேராமே. அத்தன பேரு எனக்கு எதுக்கு பாப்பா? ஒருத்தர் இருந்தா போதும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டில் எங்கள் அம்மா, அப்பா, அண்ணன் மூவரையும் எண்ணினேன். நாங்கள் சந்தேகமே இல்லாத குடும்பம், மாற்று வீடு நிச்சயம். ஆனால் அந்த வாரம் முழுக்க என் அண்ணன் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், சார்ஜர் எங்க.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார். எல்லாப் படிவத்திலும் சிவப்பில் வட்டம் போடுவதால் நாங்கள் வைத்த பெயர் சிவப்பு மை. சரிபார்ப்பதற்காக முந்தின நாள் காலை பதினேழாம் நம்பருக்கு அவரே போயிருக்கிறார். கதவை முக்கால்வாசி தூக்கத்தில் ஆயா திறந்திருக்கிறார்.

"வாம்மா ஆராய்ச்சி. உன் ஃபார்ம்ல தலைவி யாரு?"

"ஆயா சார். மத்தவங்க தங்கச்சி."

"அந்த ஆயா என்ன சொல்றாங்க தெரியுமா? எங்க அக்காதான் தலைவி, நான் தங்கச்சிங்கறாங்க. அந்தம்மாவும் தங்கச்சி, இந்தம்மாவும் தங்கச்சி. அப்ப அக்கா எங்கம்மா? ஓடிப் போயிட்டாங்களா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்போதுதான் புரிந்தது. சீட்டை எழுதிய இரண்டு பேருமே மரியாதைக்கு அக்கா போட்டிருக்கிறார்கள். அடுத்தவர்தான் மூத்தவர் என்று இருவருமே நம்பியிருக்கிறார்கள். முகமே தெரியாதபோது வேறென்ன போடுவது? தங்கச்சி என்று எழுதி, வந்து நிற்பவர் பெரியவராக இருந்துவிட்டால்?

சிவப்பு மை கெட்டவர் இல்லை. "வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு பேரையும் ஒண்ணா வரச் சொல்லு. ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்தவங்கனு கையெழுத்துப் போட்டாங்கன்னா நான் ஏன் தடுக்கப் போறேன்? இல்லனா மற்றவர்னு போட்டு, தனித்தனி ஆளா எழுதிடு," என்றார்.

பொத்தான் அக்கா அந்த ஒரு மணி நேரத்துக்காக ஒரு நாள் முழுக்க விடுப்பு எடுத்தார். ஆயாவுக்குச் சீட்டில் எழுதி மூடிக்கு அடியில் வைத்ததாகச் சொன்னார். வியாழக்கிழமை அலுவலகத்துக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. நாங்கள் பத்தரைக்கே போய் உட்கார்ந்தோம். தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டு வந்திருந்தார் போல, எண்ணெய் நெற்றி வரைக்கும் வந்திருந்தது. வயதான யார் உள்ளே வந்தாலும் எழுந்து நின்றார். ஒரு பாட்டியம்மாவிடம் போய், "ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். "உனக்குத்தான் ஆஸ்பத்திரி," என்று அந்த அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு பெண் சுவரில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"பாவம், உக்காந்தே தூங்குது பாரு," என்றார் பொத்தான் அக்கா. "வீட்டுல அப்படி என்னதான் வேல வாங்குவாங்களோ."

அரை மணி நேரம் அப்படியே போனது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. "வர மாட்டாங்க போல. அவங்களுக்கு என்ன, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல வேற எடம் கெடைச்சிருக்கும்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "பதினேழாம் நம்பர்!"

பொத்தான் அக்கா எழுந்தார். பெஞ்சின் மறுகோடியில் அந்தப் பெண்ணும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பகலில் பெஞ்சில் தூங்குகிறது என்றாலே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எந்த வயதில் சேர்ந்தாலும் ஆயாதான் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பொத்தான் அக்கா கையைப் பாதி தூக்கி, எதற்குத் தூக்கினோம் என்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அக்கா?" என்றது அந்தப் பெண்.

பதிலுக்கு அவர் அக்கா என்று சொல்ல முடியாது. வேறு சொல்லும் கைவசம் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே சிவப்பு மை இரண்டு அடையாள அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பத்தொன்பது வருட வித்தியாசம். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒரே அப்பா அம்மாதானா?"

"ஆமாங்க," என்றது அந்தப் பெண் சட்டென்று. பேனாவுக்குக்கூடக் கை நீட்டிவிட்டது.

"நீ சும்மா இரு," என்றார் பொத்தான் அக்கா.

பதினோரு மாதத்தில் அவர் அந்தப் பெண்ணிடம் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதட்டல். அந்தப் பெண்ணும் கையைப் பட்டென்று இழுத்துக்கொண்டது. பிறகு அவர் மேசையைப் பார்த்துச் சொன்னார்: "இல்லைங்க. சொந்தம் இல்ல. இன்னிக்குத்தான் பாக்குறோம்."

"அக்கா!" என்று நான் கத்தியேவிட்டேன்.

"நீயும் சும்மா இரு பாப்பா. அது ஆஸ்பத்திரி வேல. பொய்க் கையெழுத்துனு நாளைக்கு எவனாவது எழுதிப் போட்டா வேல போயிடும். சின்னப் புள்ள, தெரியாம பண்ணுது. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டா இருக்கறது?"

சிவப்பு மை கொஞ்ச நேரம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு தங்கை என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மற்றவர் என்று எழுதினார். இரண்டு பேரும் தனி ஆள். இரண்டு விடுதிச் சீட்டு. அதுவும் வேறு வேறு கூடம்.

கதவைத் தாண்டி வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்சேபணை கொடுக்க ஏழு நாள் அவகாசம் உண்டு. அந்தத் தாளையும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"அக்கா, போடலாமா? ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"அவகிட்ட கேளு. அவளுக்குச் சரினா எனக்கும் சரி."

அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "அவங்ககிட்ட கேளுங்க. அவங்க சொன்னா போடுறேன்."

நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியதில் கழுத்தே சுளுக்கிக்கொண்டது. கடைசியில் இருவருமே போட்டார்கள், இன்னொருவருக்காகத்தான் போடுவதாகச் சொல்லிக்கொண்டு.

வாசலில் வெயில். அந்தப் பெண்ணுக்கு நின்றபடியே கண் செருகியது.

"சாப்டீங்களாக்கா?"

"நீ?"

"சோறு வீட்டுலதானே இருக்கு."

"போ. போய்ச் சாப்ட்டுத் தூங்கு. ராத்திரி நிக்கணும்ல."

"நீங்க வரலையா?"

"எனக்கு வேல இருக்கு."

அவருக்கு வேலை ஏதும் இல்லை. நாள் முழுக்க விடுப்பு. எனக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் அது வற்புறுத்தவில்லை. இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தது, பிறகு போய்விட்டது. பொத்தான் அக்கா அது தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடக்கறதப் பாரு, கால இழுத்து இழுத்து," என்றார். "நான் கெழவினு நெனச்சேன்."

பிறகு அவர் எதிர்ப்பக்கம் நடந்தார். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

இப்போது தாள் என் மேசையில் இருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்தும் தயார். காரணம் என்று போட்டு மூன்றே மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள். என் கட்டுரைக்கு முடிவுரைகூட நான் இன்னும் எழுதவில்லை, இதை எழுதாமல் அதை எழுதவும் முடியாது. ஐந்து தடவை எழுதி ஐந்தையும் கிழித்துவிட்டேன். ஒரே பானை என்று எழுதினால், சொந்தம் எங்கே என்பார்கள். சொந்தம் என்று எழுதினால், அந்த அக்கா தடுத்த பொய்யை நானே சொன்னதாகிவிடும். அதட்டியதை எழுதலாமா? அதட்டினால் குடும்பம் என்று எந்த விதியில் இருக்கிறது? வருகிற வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், நீங்கள் என் இடத்தில் இருந்தால் அந்த மூன்று வரியில் அவர்களை என்னவென்று எழுதுவீர்கள், சொல்லுங்களேன்?